சர்க்கரை இறங்கும் நேரம்

ஜூன் 4, புதன்

இன்றிலிருந்து எழுதி வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். குழந்தை பிறந்ததிலிருந்து மறதி அதிகமாகிவிட்டது. நேற்று மோட்டாரைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். தொட்டி நிரம்பி வழிந்து, கால் நனைந்து, அவர் வந்து அதட்டிய பிறகுதான் தெரிந்தது. தனிம வரிசையைப் பின்னாலிருந்து ஒப்பித்த வேதியியல் டீச்சர் நான். இப்போது குக்கர் விசில் கூட நினைவில் நிற்பதில்லை. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

காலையில் தருணிகாவுக்கு முட்டை ஊட்டினேன். ஒன்றரை வயதாகப்போகிறது. இப்போதுதான் முழு முட்டை சாப்பிடப் பழகியிருக்கிறாள். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டில் பிறந்துவிட்டு முட்டை பிடிக்காது என்றால் எப்படி என்று மாமனார் சிரிப்பார். தினமும் ஷெட்டிலிருந்து பேத்திக்கென்று ஒரு முட்டையை உள்ளங்கையில் வைத்து எடுத்து வருவார்.

சாப்பிட்டு முடித்துச் சற்று நேரம் விளையாடிக்கொண்டிருந்தவள், கையில் பொம்மையோடு அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. நெற்றியில் வியர்வை. பிறகு அழுதாள், தூங்கிவிட்டாள். வெயில் என்று நினைக்கிறேன்.

மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. மெடிக்கலில் வாங்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

மாமா மாத்திரை கேட்டார். வாங்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தருணிகாவுக்கு மறுபடியும் வந்தது. இந்த முறை இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. அவர் தீவன மில்லிலிருந்து ஓடி வந்தார், காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். டவுன் டாக்டர் வலிப்பு என்றார். சிரப் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் நங்கை வந்தார். என் கணவரின் அக்கா சுலோச்சனா, அடுத்த தெருவில் இருக்கிறார். மாமியார் இல்லாத இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான்.

"புள்ளைக்குச் சத்துப் பத்துல ஹேமா. உங்க வீட்டுல சைவம், உனக்கே உடம்புல ஒண்ணும் இல்ல, அப்பறம் பால்ல என்ன இருக்கும்? நாளையிலிருந்து அவளுக்கு ரெண்டு முட்டை குடு. நீயும் ரெண்டு சாப்புடு."

சரி என்றேன். எனக்கு முட்டை ஒத்துக்கொள்வதில்லை. தலை கனத்து, வாயில் ஒரு மரமரப்பு வரும். கல்யாணத்துக்கு முன்னால் சாப்பிட்டதே இல்லை, அதனால் இருக்கும். ஆனால் குழந்தைக்காக என்று வரும்போது அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஜூன் 15, ஞாயிறு

தோசைக்கல்லில் கையை வைத்துவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. கருகல் வாடை வந்துதான் பார்த்தேன், வலி அதன் பிறகுதான் வந்தது. மருந்து போட்டுவிட்டு வெல்லக்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் தெளிந்தது. அவரிடம் எண்ணெய் தெறித்தது என்று சொல்லியிருக்கிறேன்.

தருணி சிரப்பைத் துப்புகிறாள். முட்டையை மட்டும் சமர்த்தாகச் சாப்பிடுகிறாள்.

ஜூன் 19, வியாழன்

கோயம்புத்தூர். ஆஸ்பத்திரி. எழுத முடிந்தவரை எழுதுகிறேன்.

காலை ஆகாரம் முடிந்து தொட்டிலில் போட்டிருந்தேன். எட்டிப் பார்த்தபோது கண் மேலே செருகியிருந்தது. உடம்பு விறைத்துப் போயிருந்தது. டவுன் டாக்டர் சேர்க்க மாட்டேன் என்று சொல்லி இங்கே அனுப்பிவிட்டார். அவசரப் பிரிவில் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை குத்தினாள். அதன் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். குளுக்கோஸ் ஏறியதும் தருணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து "ம்மா" என்றாள்.

வலிப்பு நோய் இல்லையாம். ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறதாம். ஏன் இறங்கியது என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

முந்தாநாள் இரவே குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் ஷாஹிதா வந்து பார்த்தார். என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். பட்டினி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். சர்க்கரை இறங்கும் அந்த நேரத்திலேயே ரத்தம் எடுத்தால்தான் காரணம் பிடிபடுமாம்.

நேற்று முழுக்கப் போட்டார்கள். தருணி அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. நர்ஸ் என்னை வெளியே உட்காரச் சொன்னாள். பசியில் குழந்தை துடித்ததே தவிர, சர்க்கரை லேசாக இறங்கியதோடு சரி. நீண்ட நேரம் தாங்கினாள். டாக்டருக்கு ஆச்சரியம். "சரி, ஊட்டுங்க" என்றார்.

அவள் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

நங்கை சாப்பாடு கொண்டு வந்தார். அவித்த முட்டை, பருப்பு. பட்டினி கிடந்த பிள்ளை என்று திரையை இழுத்துவிட்டு மடியில் வைத்து நிதானமாக ஊட்டினேன், பாலும் கொடுத்தேன். அரைமணி கூட ஆகவில்லை, கை இழுக்க ஆரம்பித்தது. இந்த முறை டாக்டர் பக்கத்திலேயே இருந்தார், வேண்டிய ரத்தத்தை எடுத்துவிட்டார்.

டாக்டர் தருணியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 23, திங்கள்

எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார் டாக்டர்.

"வீட்டுல யாருக்காவது சுகர் இருக்காம்மா?"

"மாமனாருக்கு இருக்குதுங்க."

"ஊசியா, மாத்திரையா?"

"மாத்திரைங்க."

பேனாவை மூடிவைத்தார். நான் வேதியியல் படித்தவள் என்று தெரிந்து, காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கினார். கணையத்தில் பீட்டா செல் இருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று அதற்கு யாரும் போய்ச் சொல்வதில்லை. உள்ளே வரும் சர்க்கரையை அதுவே எரித்துப் பார்க்கிறது. எரிந்தால் சக்தி சேரும். சக்தி சேர்ந்தால், செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் கதவு ஒன்று மூடிக்கொள்ளும். அது மூடியதும் இன்னொரு கதவு திறந்து கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் பாய்ந்தால் செல் தான் சேர்த்து வைத்திருக்கும் இன்சுலினை ரத்தத்தில் கொட்டும்.

"சாப்பிட்டா கொட்டணும், பட்டினின்னா நிறுத்தணும். உங்க பொண்ணுக்கு சர்க்கரை தரைதட்டின நேரத்துலயும் இன்சுலின் கொட்டிட்டே இருக்கு. ரிப்போர்ட்ல இருக்கு. சர்க்கரை மாத்திரை இருக்கு பாருங்க, அது சாப்பாடே இல்லாம அந்த முதல் கதவை நேரா போய் மூடிடும். குழந்தை முழுங்கினா இப்படித்தான் ஆகும்."

"அவ எங்கீங்க மாத்திரை எடுப்பா? அலமாரி எட்டாதுங்களே" என்றார் என் கணவர்.

"அவளா எடுக்கணும்னு இல்லீங்க."

என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் யாரையும் சொல்லல. மாத்திரை இருக்கான்னு பாக்கற சோதனைக்குச் சிறுநீர் வெளியூருக்கு அனுப்பியிருக்கேன். வர்ற வரைக்கும் நர்ஸ் இல்லாம யாரும் குழந்தைக்கு எதுவும் குடுக்க வேண்டாம். பாலும்."

யாரும் என்றார். என்னைத் தவிர ஊட்டுகிறவர் யார்?

ஜூன் 24, செவ்வாய்

மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது. பீய்ச்சிக் குளியலறையில் கொட்டினேன்.

அவர் ஊருக்குப் போய்விட்டு வந்தார். கையில் நான் கடைக்குக் கொண்டுபோகும் கட்டைப்பை. அதன் அடியிலிருந்து எடுத்தாராம், மாமாவின் மாத்திரைப் பட்டை. பாதிதான் இருந்தது, மீதிப் பாதி இல்லை.

"வாங்கி மறந்துட்டேனுங்க. அப்பவே சொன்னேனே, எங்க வெச்சேன்னு தெரியலைன்னு."

"மீதி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் கூடத் தேவலை. பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரோ வழியில் போகிறவளுக்கு இடம் விடுவதுபோல ஒதுங்கி நின்றார்.

ஜூன் 25, புதன்

நங்கை வந்தார் முட்டை நல்ல உப்பு. சோறு வேண்டாம் என்றேன் முட்டை மட்டும். ஜன்னல் ஜன்னலாக இருக்கிறது. அவர் கேட்கிறார் கேட்கிறார். தருணி செருப்பு எங்கே. ஆமாம் ஆமாம்

ஜூன் 26, வியாழன்

மேலே இருப்பது என் கையெழுத்துதான். எழுதிய நினைவு இல்லை.

நேற்று மத்தியானம் நங்கை கொண்டுவந்த முட்டைகளைச் சாப்பிட்டது நினைவிருக்கிறது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவில் இருப்பது, யாரோ கொடுத்த ஜூஸ் கையில் இருந்ததும், முன்னால் நின்ற நங்கை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுததும்தான்.

இன்று காலை நங்கையிடம் கேட்டேன், ஏன் என்னோடு பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று.

"இன்னும் என்ன பேசோணும்? நீயே ஒத்துக்கிட்டியே."

"என்ன ஒத்துக்கிட்டேனுங்க?"

"நடிக்காத ஹேமா. மாத்திரையை நீ குடுத்தியான்னு என்ற தம்பி கேட்டான். ஆமான்னே. நெசமாவான்னு கேட்டான். ஆமான்னே. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சிரிச்ச வேற."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு மோட்டார் பக்கத்தில் நின்றதும் எனக்குத் தெரியாது. கல்லில் கை வைத்ததும் தெரியாது. பட்டையின் மறுபாதி எங்கே என்றும் தெரியாது. பட்டினி கிடந்தபோது குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மடியில் வைத்து, திரையை இழுத்துவிட்டு, நான் ஊட்டிய பிறகுதான் ஆனது. ஒவ்வொரு முறையும் நான் ஊட்டிய பிறகுதான்.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று யோசிக்கிறேன். யோசிக்க வேண்டியதே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

இன்று நடந்ததில் பாதியை டாக்டர் சொல்லிக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

காலையில் ஒரு முடிவோடு எழுந்தேன். டாக்டரிடம் போய், என்னைக் குழந்தை பக்கத்தில் விடாதீர்கள், நான் கொடுத்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை என்று சொல்லிவிடுவது. அவர் இதை மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். தெரிவிக்கட்டும். பலம் வேண்டுமே என்று, நங்கை வைத்துவிட்டுப் போன டப்பாவில் மிச்சமிருந்த முட்டைகளைத் தின்றேன். வேறு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. அறைக்கு வெளியே வெகுநேரம் காத்திருந்தேன்.

உள்ளே போய் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேனாம். பிறகு பேச்சு குழறியிருக்கிறது. ஏசி அறையில் ரவிக்கை நனையும் அளவுக்கு வியர்த்து, கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"நீங்கதான் மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாம்."

டாக்டருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. "உங்க பேரு ஹேமலதாதானே?"

"ஆமாம்."

"இல்லையே, மரகதம்னு சொன்னாங்களே?"

"ஆமாம்."

"இப்ப நாம ராமேஸ்வரத்துல இருக்கோம், இல்லையா?"

"ஆமாம்" என்று சொல்லிச் சிரித்தேனாம்.

அவர் மேசையிலிருந்த மீட்டரை எடுத்து என் விரலில் குத்தியிருக்கிறார். தருணிக்கு வந்த அளவுக்கு வெகு பக்கத்தில் இருந்திருக்கிறது எண். குளுக்கோஸைக் கரைத்துப் புகட்டியதும் எனக்கு முதலில் திரும்பியது சத்தம்தான். யாரோ "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு டாக்டரின் முகம். அவர் தரையில் என் முன்னால் மண்டியிட்டு இருந்தார்.

"ஹேமா, நீங்க இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"முட்டைங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

"நேத்திக்கு முந்தின நாள் நீங்க ஒத்துக்கிட்டதா சொன்னாங்களே, அதுக்கு முன்னாடி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை எடுத்து யாரிடமோ, குழந்தையின் ரத்தத்தில் அம்மோனியா உடனே பார்க்க வேண்டும் என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

அம்மோனியா பல மடங்கு இருக்கிறது. சிறுநீரில் மாத்திரையின் சுவடே இல்லை. இரண்டு செய்தியும் ஒரே நாளில் வந்தன.

டாக்டர் பழைய காகிதத்தையே எடுத்து, வட்டத்துக்குள் இன்னொரு வழி வரைந்தார்.

"செல் சர்க்கரையை மட்டும் எரிக்கறது இல்ல ஹேமா. புரதத்துல வர்ற அமினோ அமிலத்தையும் எரிக்கும். அதுக்கு ஒரு நொதி இருக்கு. சக்தி போதும்னா அந்த நொதிக்கு பிரேக் விழுந்துடும். இவளுக்கு அந்த பிரேக் பிடிக்கலைன்னு நினைக்கிறேன். முட்டையிலயும் பருப்புலயும் லூசின்னு ஒண்ணு இருக்கு, அது நொதியை இன்னும் முடுக்கி விடுது. சர்க்கரை வராமலே செல்லுக்குள்ள சக்தி ஏறிடுது. அதே கதவு மூடுது. இன்சுலின் கொட்டுது."

"அதனாலதான் பட்டினியில தாங்கினாளா?"

"ஆமா. சாப்பாடுதான் அவளைத் தள்ளி விட்டுருக்கு. எரியறப்ப வர்ற கழிவுதான் அம்மோனியா, அதான் அவ்வளவு ஏறியிருக்கு. உங்களுக்கும் இதேதான் இருக்கணும், லேசா. மரபணுச் சோதனைக்கு ரெண்டு பேர் ரத்தமும் அனுப்பறேன்."

பிறகு, "உங்களை அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றார். "அன்னிக்கு மறுபடி அதே ரிப்போர்ட் வந்தாலும் நான் அதைத்தான் கேட்பேன். கேட்காம விட்டு ஒரு குழந்தை செத்துப்போனதை நான் பாத்துருக்கேன்."

எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. அவர் என்னைச் சந்தேகப்பட்டபோது நானும் அவர் பக்கம்தானே இருந்தேன்.

ஜூலை 2, புதன்

தருணிக்கு மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். டயசாக்சைடு என்று பெயர். மூடிக்கொள்ளும் அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளுமாம்.

என் மடியில் கொடுத்தார்கள். பால் வற்றத் தொடங்கியிருந்தது. ஆனாலும் குடித்தாள்.

ஜூலை 4, வெள்ளி

அவர் மெடிக்கல்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார். கடையில் பாதிப் பட்டைதான் இருந்ததாம், வெட்டிக் கொடுத்தாராம். இதைச் சொல்லிவிட்டுப் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் மொதல்லயே போய்க் கேட்டிருக்கோணும் ஹேமா." முகம் சிவந்திருந்தது. நான் அவர் கையைத் தொட்டேன். தொட வேண்டும் என்று தோன்றியதால் அல்ல, நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததால்.

நங்கை ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்தார். உரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இது உன்ற வழியில வந்ததுதானா?"

"இருக்கலாமுங்க."

"எங்க பக்கம் யாருக்கும் இப்படிக் கெடையாது" என்றார். பிறகு ஒரு சுளையை என் வாயருகே நீட்டினார்.

ஜூலை 9, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். தருணிக்கு முதலில் சோறோ பழமோ கொடுத்து, பிறகுதான் பருப்பு, அதுவும் அளந்து. முட்டை கூடாது. எனக்கும் அதேதான். வேளாவேளைக்கு விரலில் குத்திப் பார்க்க வேண்டும். மரபணு ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அடுத்த பிள்ளை என்று எப்போதாவது நினைத்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மாமா ஷெட்டிலிருந்து வெறும் கையோடு வந்தார். வாசலில் நின்று பேத்தியைப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சமையலறை அலமாரியில் புதிதாகக் கொண்டி அடித்து ஒரு பூட்டு தொங்குகிறது. மாமாவின் மாத்திரைகள் இருக்கும் அலமாரி.

ஜூலை 11, வெள்ளி

பூட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. இன்று காலையில் அவரே ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேகத்துல அடிச்சுட்டேன். கழட்டிடறேன்."

"இருக்கட்டுங்க."

"எனக்கு உம்மேல இப்பச் சந்தேகமே இல்ல ஹேமா. சத்தியமா."

"எனக்கு இருக்குதுங்க."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மாத்திரையை நான் கொடுக்கவில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஒரு சோதனைக்கூடம் எழுதிக் கொடுத்ததால். ஆனால் அந்த நேரங்களில் என் வாய் பேசியிருக்கிறது, என் கால் நடந்திருக்கிறது, என் கை அடுப்பில் வேலை செய்திருக்கிறது. யாராவது அந்த நேரத்தில், குழந்தையைக் கிணற்றடியில் விடலாமா என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ராமேஸ்வரத்துக்குச் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பேன். இனி வராது என்கிறார் டாக்டர். பெரும்பாலும் வராது என்கிறார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் ஸ்க்ரூடிரைவரை மேடையில் வைத்தார். பிறகு சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குள் தருணி எழுந்து பசியில் கத்த ஆரம்பித்துவிட்டாள். சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் போட்டேன். அவள் இருந்த அறை வாசல் வரைக்கும் போனேன். அங்கே கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க ஊட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அவருக்கு ஊட்டத் தெரியாது. பருக்கை அவள் மோவாயிலும் சட்டையிலும் விழுந்தது. தருணி அவர் கையைத் தள்ளிவிட்டு, என் பக்கம் திரும்பி, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.